மிக அருகில் இருக்கிறீர்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் படித்து முடித்துவிட்டு நிம்மதியாக விளக்கை அணைத்துப் படுங்கள். ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டது. கதை கட்டிச் சொல்கிற ஆளில்லை அவள். பொய் சொல்வதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அப்போது அவளிடம் இல்லை.

வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு ஆந்தையக்கா என்று பெயர். ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ராத்திரி முழுக்கக் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். ஒரு கட்டத்தில் இரும்புக் கதவு, ஒன்றில் லாரி நிற்கிற இடம், ஒன்றில் படிக்கட்டு, மறுபடியும் இரும்புக் கதவு. இருட்டில் அந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் போட்டுத்தான் பார்க்கும். அதில் எல்லாமே சாம்பல் நிறம். பூனை வந்தால் கண் இரண்டும் வெள்ளையாக எரியும். லென்ஸில் சிலந்தி நூல் கட்டினால் யாரோ முக்காடு போட்டுக்கொண்டு ஆடுவது போலத் தெரியும். புதிதாக வந்த காவலாளிகள் அலறியடித்துக்கொண்டு அவளிடம் ஓடிவருவார்கள்.

"ஒட்டடைக் கம்பு எடுத்துட்டுப் போங்க. பேய் போயிடும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் அவள்.

காலையில் அவள் வீட்டுக்கு வருகிற நேரம், கணவர் பள்ளி வேன் ஓட்டக் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒருவர் செருப்பைக் கழற்ற, ஒருவர் செருப்பை மாட்ட, அந்த இடைவெளியில் பேசுவதுதான் குடும்பம். ஒரே மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் படிப்பு முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் ஓடித்தான் ஆக வேண்டும். கணவர் போனதும் அவள் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கிக்கொண்டு படுப்பாள். ஊரே விழித்திருக்கிற நேரத்தில் தூங்குவது தூக்கமே இல்லை. கண் மூடும், காது மூடாது. ஆறு வருடமாக அவள் உடம்பில் ஒரு அசதி தங்கிவிட்டிருந்தது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி.

அவளுடைய பழைய போன் துவைக்கிற வாளிக்குள் விழுந்து செத்தது. அடுத்த வாரம் கணவர் ஒரு போனைக் கொண்டுவந்து கையில் வைத்தார். பளபளவென்று, ஓரங்கள் வளைந்த கண்ணாடி. கனமாக இருந்தது.

"எதுக்குங்க இவ்வளவு பெரிசு?"

"இது லேசுப்பட்டதில்ல. வந்த புதுசுல இதோட விலைக்கு ஒரு பைக்கே வாங்கலாம். அந்தக் கம்பெனி போட்டதிலேயே ராஜா போன். இப்ப வயசாயிடுச்சு, செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சுது. கிழட்டுச் சிங்கம்."

"நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லுங்க."

"சிங்கம்னு ஒத்துக்கிட்டியே, அது போதும்."

அன்று வாரக் கடைசி. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் நெஞ்சுத் துடிப்பை எண்ணிச் சொன்னது. கணவர் குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினார், ஒன்றும் ஆகவில்லை. ஒயர் செருகாமல், சாய்வான ஒரு மேடையில் நிற்கவைத்தாலே சார்ஜ் ஏறியது. இப்போது வருகிற போன்களில் எடுத்துவிட்ட ஹெட்போன் ஓட்டைகூட அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைப் பார்த்துத் திறக்கிற வசதி. மனிதரின் கருவிழியில் இருக்கிற கோடுகள் ஆளுக்கு ஆள் மாறுமாம். போனின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு சின்னக் கேமராவும் இருக்குமாம். இருட்டிலும் பார்க்குமாம். ஒரே ஒரு ஆளின் கண்ணைத்தான் அதில் பதிந்துவைக்க முடியும்.

அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நெற்றியில் மிளகு அளவு சிவப்பு வெளிச்சம் வந்தது. திரையில் இரண்டு வட்டங்கள். வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் கண்கள். கீழே தமிழில் ஒரு வரி.

கண்களை அகலமாகத் திறக்கவும்.

"திறந்துதான் வச்சிருக்கேன். இதுக்கு மேல திறந்தா முழி கீழ விழுந்துடும்."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது தடவையில் பதிவானது. பிறகு அவர் தன் கண்ணைக் காட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. "விசுவாசமான போன்" என்று சொல்லி, சார்ஜ் மேடையைக் கட்டிலுக்கு எதிரே இருந்த மேசையில் வைத்தார். மாலையில் அவளை எழுப்ப அலாரம் வைத்தார்.

முதல் நாலைந்து நாள் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் பாதித் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டொக். போன் பூட்டுத் திறக்கிற சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தாள். மேசையில் போன் எரிந்துகொண்டிருந்தது. பூட்டு விலகி, உள்பக்கம் முழுசாகத் தெரிந்தது. ஏதோ மெசேஜ் வந்து திரை எரிந்திருக்கும், தூக்கக் கலக்கத்தில் நாம் பார்த்திருப்போம், அது திறந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள். எழுந்த பிறகு பார்த்தால் மெசேஜ் எதுவும் வந்திருக்கவில்லை.

அடுத்த நாளும் டொக்.

அதற்கடுத்த நாள் இரண்டு தடவை.

அதைவிட வேறொன்று அவளுக்கு உறுத்தியது. அவள் கையில் எடுத்துக் காட்டினால் போன் திறக்காது. கிடங்கில், பஸ்ஸில், சமையலறையில், எங்கே காட்டினாலும் ஒரே வரி. பொருந்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ரகசிய எண்ணை அழுத்தித்தான் திறக்க வேண்டியிருந்தது. ஆனால் மேசையில் நின்றுகொண்டிருக்கும்போது தானாகத் திறந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கணவரிடம் சொன்னாள்.

"உன் கண்ணப் போய் கண்ணாடியில பாரு. மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கு. போன் என்ன பண்ணும் பாவம்? ரெண்டு நாள் லீவு போடேன்."

"லீவு போட்டா யார் சம்பளம் தருவா?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று அவள் போனை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினாள். டொக் சத்தம் இல்லை. நல்ல தூக்கம். ஆனால் மேடையில் நிற்காததால் சார்ஜ் ஏறவில்லை. பழைய போன், பழைய பேட்டரி. நடுவிலேயே செத்துப்போனது. அலாரம் அடிக்கவில்லை. அடித்துப் பிடித்து ஓடியும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆந்தையக்கா, போன வாரம் நீங்க உக்காந்தபடியே தூங்கினதையும் நான் பார்த்தேன். சொல்லல. இன்னொரு தடவைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க சார்."

அதற்கு மேல் என்ன சொல்வாள்?

மறுநாள் காலை வந்ததும் முடிவுசெய்துவிட்டாள். இன்றைக்குத் தூங்கியே தீர வேண்டும். போனைச் சார்ஜ் மேடையிலேயே நிறுத்தினாள். என்ன சத்தம் வந்தாலும் கண்ணைத் திறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். கம்பளியை இழுத்து ஜன்னலை மூடினாள். படுத்தாள்.

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். மாடியில் குழாய் ஓடியது, நின்றது. பிறகு எல்லாம் அடங்கியது.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. இமைக்கு வெளியே வெளிச்சம் தட்டியது.

திறக்கக்கூடாது என்று நினைத்தவள் திறந்துவிட்டாள். எதிரே மேசையில் போன் எரிந்தது. மணி 2:40 என்று பெரிதாகத் தெரிந்தது. நெற்றியில் மிளகு அளவு சிவப்பு. அது யாரையோ தேடிக்கொண்டிருந்தது. மணிக்குக் கீழே ஒரு வரி.

மிகத் தொலைவில் இருக்கிறீர்கள்.

அவள் படுத்திருந்தது ஆறேழு அடி தூரத்தில். சரி, என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்தாள். வேலை பார்த்த பழக்கம், உடனே சோதித்துப் பார்க்கத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, இமையை ஒரு நூல் அளவு மட்டும் விட்டுவைத்தாள். கண்ணே இல்லையென்றால் தேடுவதை நிறுத்தத்தானே வேண்டும்?

நிறுத்தவில்லை.

வரி மாறியது.

இன்னும் சற்று அருகில் வரவும்.

அவள் அசையவில்லை. தலையணையில் வைத்த தலையை எடுக்கவில்லை.

இன்னும் சற்று அருகில் வரவும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே வெறும் தரை. அவள் கழற்றிப் போட்ட துப்பட்டா மட்டும் கிடந்தது.

வரி மறுபடியும் மாறியது.

கண்களை அகலமாகத் திறக்கவும்.

...டொக்.

போன் திறந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பயம் என்று சொல்ல முடியாது, முதலில் வந்தது எரிச்சல். தூங்க விடாத எதன்மீதும் வருகிற எரிச்சல்தான். லென்ஸில் ஏதோ அழுக்கு. சிலந்தி நூல். ஒட்டடைக் கம்பு எடுத்தால் போகிற பேய். இரண்டே எட்டில் போய்ப் போனை எடுத்தாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே பதிந்திருந்த கண்ணை அழித்தாள். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அழிந்தது.

விளக்கைப் போட்டிருக்கலாம். போட்டால் தூக்கம் முழுசாகக் கலைந்துவிடும் என்று போடவில்லை. இருட்டிலேயே புதிதாகப் பதிந்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

சிவப்பு வெளிச்சம் வந்தது. இரண்டு வட்டங்கள் வந்தன. வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் கண்கள்.

அவள் கண் சிமிட்டினாள்.

வட்டத்துக்குள் இருந்த கண்கள் சிமிட்டவில்லை.

மறுபடியும் சிமிட்டினாள். இறுக்கி மூடித் திறந்தாள்.

அவை அப்படியே இருந்தன. அகலமாக. களைப்பே இல்லாமல்.

கீழே வரி வந்தது.

மிக அருகில் இருக்கிறீர்கள். சற்று விலகவும்.

கையை நீட்டிப் போனைத் தள்ளிப் பிடித்தாள்.

மிக அருகில் இருக்கிறீர்கள்.

கை முழுசாக நீண்டுவிட்டது. வட்டத்துக்குள் இருந்த கண்கள் கொஞ்சமும் சிறிதாகவில்லை. போன் தூரம் போனால் கண்ணும் தூரம் போக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆறு வருடமாக அவள் பார்ப்பது கேமராப் படம்தான்.

மிக அருகில் இருக்கிறீர்கள்.

போனைக் கட்டில்மேல் போட்டாள். அது மல்லாந்து விழுந்தது. திரை மேலே பார்த்து எரிந்தது.

எழுந்து பின்னால் நகர்ந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

முதுகு கதவில் இடித்தது.

மெத்தையில் அந்த வெளிச்சம் மட்டும். அதன்மேல் குனிந்து பார்க்க அங்கே யாரும் இல்லை.

ஆனாலும் வெளிச்சம்... பாதியில் மறைந்தது. யாரோ முகத்தை அதன்மேல் கொண்டுபோனால் மறைகிற மாதிரி.

கூரையில் விழுந்திருந்த வெளிச்சத்தில் ஒரு நிழல்.

தலை அளவு.

டிங்... என்று ஒரு சின்ன மணியோசை.

பதிவு முடிந்தது என்று போன் சொல்கிற ஓசை.

அவள் கதவைத் திறந்தாள். செருப்பு மாட்டவில்லை.

கணவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவள் கட்டடத்தின் கீழ்ப்படியில் வெறும் காலோடு உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்களெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்னம்மா? யாருக்காவது ஏதாவது...?"

"நீங்க மேல போங்க. கட்டில்ல போன் கெடக்கு. எடுத்துட்டு வாங்க. திரையைப் பார்க்காதீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், போனார். திரும்பி வரும்போது போனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பார்த்தாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நேரே வேனை எடுத்துக்கொண்டு போனை வாங்கிய கடைக்குப் போனார்கள். குழந்தைகள் உட்காருகிற சின்ன சீட்டில், முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் சின்ன வயசுக்காரர். நல்ல பையன். போனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"என்னக்கா, பேட்டரி நிக்கலையா?"

"கண்ணு பார்க்கற கேமரா சரியில்ல தம்பி. தானா திறக்குது."

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, அது எப்படித் தானா திறக்கும்? அண்ணே, விக்கும்போதே உங்ககிட்ட சொன்னேனே. கண்ணு பார்த்துத் திறக்கறது மட்டும் இதுல வராது, அதனாலதான் விலை கம்மின்னு."

கணவர் விழித்தார். அன்று பேரம் பேசுகிறபோது பள்ளியிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் சொன்னதில் பாதி அவர் காதில் ஏறவில்லை.

"வராதுன்னா? வந்துதே. என் கண்ணு முன்னாடிதானே இவ பதிஞ்சா."

கடைக்காரர் போனின் விளிம்பில் சூடு காட்டினார். கண்ணாடியை நெம்பி எடுத்தார். உள்ளே பச்சைத் தகட்டைக் கழற்றி, விளக்கைக் கிட்டே இழுத்து, நெற்றிப் பக்கத்தைக் காட்டினார்.

வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். சிலவற்றில் பொட்டுப் பொட்டாகப் பாகங்கள் உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் இரண்டு பள்ளம் காலி.

"இதுல இருக்கணும் அந்தக் கேமரா. இதுல இருக்கணும் சிவப்பு விளக்கு. ரெண்டையும் நான்தான் கழட்டினேன். இதே மாதிரி இன்னொரு போனுக்குத் தேவைப்பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் இதை உங்களுக்குக் குடுத்தேன்."

"சிவப்பு வெளிச்சம் வந்ததே தம்பி."

"வர்றதுக்கு வழியே இல்லக்கா."

அவள் அந்த இரண்டு காலிப் பள்ளங்களையும் குனிந்து பார்த்தாள். பிறகு அவள், "இது எனக்கு வேண்டாம்" என்றாள். கடைக்காரர் ஒரு சாதாரணப் பட்டன் போனை எடுத்துக் கொடுத்தார். அதில் பேசலாம், அலாரம் வைக்கலாம். அது போதும்.

அன்று ராத்திரியும் அவள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? தைரியம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். பயப்படுவதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்த நாட்களில் டொக் சத்தம் இல்லை. கம்பளியை இழுத்து மூடிப் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கண் சிவப்பு குறைந்தது. கிடங்கில் எல்லோரும் சொன்னார்கள், ஆந்தையக்கா முகத்தில் களை வந்துவிட்டது என்று. ஆனால் கணவர்தான் என்னவோ மாதிரி இருந்தார். ஒரு நாள் திடீரென்று, "கிடங்குக்குப் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன். மாறிடலாம்" என்றார். வாடகை அதிகம். எதற்கு என்று கேட்டதற்கு, உனக்கு அலைச்சல் குறையும் என்றார். மாதக் கடைசிகூட ஆகவில்லை, பாத்திரம் பண்டங்களை வேனில் ஏற்றிவிட்டார்.

புது வீட்டில் எல்லாவற்றையும் இறக்கி முடித்து, டீ போட்டுக் குடிக்கிறபோதுதான் அவர் சொன்னார்.

"அந்தக் கடைக்காரத் தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தான்."

"எதுக்கு?"

"நம்ம போன்லேர்ந்து கழட்டின கேமராவ இன்னொரு போன்ல போட்டேன்னு சொன்னானே, அத ஒரு தையல்காரர் வாங்கிட்டுப் போயிருக்கார். அவரும் திருப்பிக் கொண்டாந்துட்டாராம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கண்ணைப் பதியப் போனா, வட்டத்துக்குள்ள அவர் கண்ணு வரலையாம். ஏதோ இருட்டு ரூமு தெரியுதாம். கட்டில்ல ஒரு பொம்பள சுவர் பக்கம் திரும்பித் தூங்கறாங்களாம்."

"...அவ்வளவுதானா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டில் ஓரத்துல, அவங்க தலைமாட்டுல, இன்னொருத்தர் உக்காந்திருக்காங்களாம். கேமராவையே பார்த்துக்கிட்டு."

அவள் ஒரு சின்ன ஆறுதலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் அந்தப் போனை வச்சிருந்தப்பதானே அவர் பார்த்தது? திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடிதானே?"

கணவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு."